ஏணிக்கு எண்ணெய் விட்ட எதிரி

அந்த ஷெட்டுக்குள் தேங்கி நின்ற தண்ணீரை வாளி வாளியாக அள்ளிக் கொட்டும்போது எனக்கு என் அக்காவின் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. உலகத்தில் எத்தனையோ மாப்பிள்ளைகள் இருக்க, போயும் போயும் ஒரு துப்பறிகிறவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு ஓர் உதவியாளர் தேவை என்றதும், வீட்டில் சும்மா இருந்த தம்பியைக் கை காட்டிவிட்டாள். அன்றிலிருந்து அத்தான் மூளையைக் கசக்குவார், நான் மற்றதையெல்லாம் கசக்குவேன். அன்றைக்குக் கசக்கியது பூஞ்சணம் பிடித்த மெத்தை உறைகளை.

ஷெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாராவது படுத்த படுக்கையாகிவிட்டால் கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல் எல்லாம் இரவல் கொடுக்கிற ஒரு குழு அது. ஆள் தேறியதும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. சாமான்களெல்லாம் ஒரு கல்யாண ஹாலுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை ஷெட்டில் இருந்தன. ஒரு பெரிய மழையில் கூரை பொத்துக்கொண்டு, பாதி மெத்தை நாசம், நாற்காலிச் சக்கரமெல்லாம் துரு. குழுவில் இருக்கிறவர்களே ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி, பழைய தகரத்தைக் கழற்றிப் புதுத் தகரம் போட்டார்கள். அடுத்த மழைக்கு ஒழுகியது. அடைத்தார்கள். மறுபடி ஒழுகியது.

அதோடு நின்றிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பார்கள். ஆனால் யாரோ கூரையில் கை வைத்திருந்தான். போட்ட ஸ்க்ரூவையெல்லாம் பிடுங்கி இடம் மாற்றியிருந்தான். ஓட்டை அடைக்கும் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்திருந்தான். போதாக்குறைக்குப் புதுத் தகரம் அங்கங்கே நெளிந்து கிடந்தது.

கூரைமேல் ஏற ஏணி வேண்டும். ஏணி இருப்பது ஷெட்டுக்குள். ஷெட்டுக்குப் பெரிய பூட்டு. பூட்டுக்கு ஒரே ஒரு சாவி. அந்தச் சாவி இருப்பது எதிரே தையல் கடை வைத்திருக்கிற டெய்லர் அக்காவிடம். பூட்டும் உடையவில்லை, சாவியும் தொலையவில்லை. அப்புறம் என்ன, கை தானாக அவரை நோக்கி நீண்டது. ஹால் ஓனர் ரொம்ப நாளாக அந்த இடத்தைக் கார் நிறுத்தக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஷெட் ஒழுகி ஒழுகி இவர்களே காலி செய்துவிட்டால் அவருக்கு லாபம். டெய்லர் அக்கா அவருடைய ஆளுக்குச் சாவியைக் கொடுத்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பி, தெரு முழுக்கச் சுற்றிவிட்டது. அன்று சாயங்காலக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும் சாவியைப் பிடுங்கி அவரை வெளியே அனுப்புவதாக ஏற்பாடு.

அதற்கு முன்னால் ஆதாரம் வேண்டும் என்று குழுத் தலைவர் அத்தானைக் கூப்பிட்டார். அத்தானால் மறுக்க முடியவில்லை. போன வருஷம் அவர் காலை உடைத்துக்கொண்டு கிடந்தபோது இங்கிருந்துதான் சக்கர நாற்காலி வந்தது. அந்த நாற்காலியைத் தள்ளியதும் நான்தான் என்பதை இங்கே யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

"மாப்ளே, ஏணியை எடு. மேல பாக்கலாம்" என்றார் அத்தான்.

ஏணி சுவரில் மேல் கொக்கியில் தொங்கியது. எட்டி எட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு டிரம்மை உருட்டி வந்து அதன்மேல் ஏறித்தான் எடுத்தேன். எரிச்சலாக வந்தது. போன மாதம் தகரம் போட உதவிக்கு வந்தபோதும் ஏணியைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான்தான். போகும்போது கீழ்க் கொக்கியில்தான் மாட்டிவிட்டுப் போனேன். அன்றைக்கு அதை விரித்தால் கிறீச்சென்று கத்தும், பல் கூசும். இன்றைக்கு விரித்தேன். சத்தமே இல்லை.

கீலைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் எண்ணெய். நிறமில்லாத, மெல்லிய எண்ணெய். தையல் மெஷினுக்கு விடுவது. குனிந்து ஏணியின் காலைப் பார்த்தேன். இரண்டு காலுக்கும் யாரோ பூப்போட்ட வெட்டுத்துணியைச் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டிருந்தார்கள். தையல் கடையில் காலடியில் கிடக்கும் துணி.

எனக்கு உள்ளுக்குள் சின்ன வருத்தம். இவ்வளவு சுலபமாகவா ஒரு கேஸ் முடியும்?

தலைவர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். பெரிய கம்பெனியில் ஆட்களை வேலை வாங்கியே ஓய்வு பெற்றவர். பனைமரத்தில் பாதி உயரம். அந்தப் பழக்கத்தில் யாரிடம் பேசினாலும் மேலிருந்துதான் பேசுவார். எண்ணெயையும் துணியையும் பார்த்துவிட்டு, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்றார்.

அத்தான் தாடையைச் சொறிந்தார். "கூரையைக் கெடுக்க வந்தவன் ஏணிக்கு எதுக்குங்க எண்ணெய் விடணும்?"

"சத்தம் கேக்காம இருக்கத்தான்."

"கால்ல துணி?"

"அதுவும் சத்தத்துக்குத்தான்."

நியாயமான பதில். நானே தலையாட்டினேன். அத்தான் விடவில்லை. "அப்ப மேல் கொக்கியில எதுக்கு மாட்டினான்?"

தலைவர் அந்தக் கொக்கியைப் பார்த்தார். அது தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, சுவரில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "பிரமாதம், பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். ஈரம் காயாத சுவரில் சுண்ணாம்பு தோசை மாவு மாதிரி வழிந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் அந்தப் பிரமாதம்.

மேலே ஏறிக் கூரையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தெருவைத் தாண்டினோம். டெய்லர் அக்காவின் கடை ஒரே அறை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, கூரையை ஒட்டி ஒரு கம்பி, அந்தக் கம்பியில் தைத்து முடித்த சட்டைகள். பள்ளிக்கூடச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். நல்ல குள்ளம். ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரையில் பாவாது. அவர் கணவர் படுக்கையில் கிடந்த காலத்தில் இந்த ஷெட்டிலிருந்துதான் கட்டில் போயிருக்கிறது. அவர் போனபிறகு கட்டிலைத் தானே கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தவர், அப்படியே சாவியையும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து யார் எந்த நேரத்தில் வந்து நின்றாலும், சாப்பிடுகிற கையைக் கழுவிவிட்டு வந்து திறந்து கொடுப்பார் என்று சொன்னார்கள்.

விரலில் ஒட்டியிருந்த ஏணி எண்ணெயைக் காட்டினேன். என்னுடையதுதான் என்றார். துணியைக் காட்டினேன். அதுவும் என்னுடையதுதான் என்றார். யார் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டதற்கு, கடை என்றால் நாலு பேர் வருவார்கள் போவார்கள் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. சுவரிடம் பேசினால்கூட எதிரொலி வரும்.

"அக்கா, நேராவே கேக்கிறேன். சாவியை யாருக்காவது கொடுத்தீங்களா?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சாவி என் பொறுப்பு தம்பி. அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

"நீங்க வாயைத் திறக்கலைன்னா சாயங்காலம் உங்களைத்தான் துரோகின்னு சொல்லப் போறாங்க."

"இப்பவே சொல்றாங்களே. ஹால் ஓனர்கிட்ட விலை போயிட்டேனாம். பாதி தைச்ச துணியை வந்து திருப்பி வாங்கிட்டுப் போறாங்க. கைராசியான டெய்லர்னு வந்தவங்க, கைசுத்தம் இல்லைன்னு போறாங்க." கண் கலங்கவில்லை. "அதுக்காக நான் கொடுத்த வாக்கை..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டு எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் தைத்த சட்டையை வாங்க வந்தார். அக்கா மூலையில் இருந்த கவைக் குச்சியை எடுத்து, குதிகாலை உயர்த்தி, கம்பியிலிருந்த சட்டையைக் கோத்து இறக்கினார். அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேலையைப் பாருங்கம்மா என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

எனக்குக் கொதித்தது. வந்ததற்கு ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. அதைச் சொன்னதும் சிரித்தார்.

"குச்சி இல்லாம அந்தம்மாவால ஒரு சட்டையை எடுக்க முடியல மாப்ளே. அவ்வளவு கனமான ஏணியை மேல் கொக்கியில எப்படி மாட்டுவாங்க?"

"கூட்டாளி மாட்டியிருப்பான்."

"சரி. அந்தக் கூட்டாளி எப்படிப்பட்டவன், சொல்லு. சத்தம் வருதுன்னு எண்ணெய் விட்டிருக்கான். தரையில கீறல் விழும்னு காலுக்குத் துணி கட்டியிருக்கான். கீழ இருந்தா தண்ணியில நனையும்னு ஏணியை மேல ஏத்தி மாட்டியிருக்கான். பிடுங்கின ஸ்க்ரூவுக்குப் பதிலா ரப்பர் வாஷரோட புது ஸ்க்ரூ போட்டிருக்கான். என் அனுபவத்துல இவ்வளவு பொறுப்பான எதிரியை நான் பாத்ததே இல்ல."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"கெடுக்க வந்தவன் வேலை இல்ல மாப்ளே இது. திருத்த வந்தவன் வேலை. காலைல இருந்து கவனிச்சியா, இங்க யாராவது யாரையாவது குறை சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. சுண்ணாம்பு வழிந்தால் பிரமாதம். ஆணி வளைந்தால் அருமை. ஒருவர் அலமாரியைத் தலைகீழாக மாட்டினார், அவருக்கு எல்லோரும் சேர்ந்து கை தட்டினார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்களே, இங்கே மாட்டுக்குப் பல்லே இல்லாவிட்டாலும் பேசக்கூடாது. சும்மா வந்து உழைக்கிறவரை யார் திட்டுவது?

"நீ திட்டணும்" என்றார் அத்தான். "கெடுத்தவனைத் திட்டினா ஒளிஞ்சுக்குவான். வேலை செஞ்சவனைத் திட்டிப் பாரு, சண்டைக்கு வந்து நிப்பான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பிடித்த வேலையை அவர் கொடுத்தார்.

கூரைமேல் ஏறினேன். கீழே ஜன்னலுக்குக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தார் வெல்டர். அதிகம் பேசாத ஆள். பேசினாலும் இரும்போடுதான் பேசுவார். அவர் காதில் விழுகிற மாதிரி, ஸ்க்ரூவைப் பிடுங்கி இடம் மாற்றின மடையனுக்குத்தான் முதலில் ஒரு ஸ்க்ரூவை முடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். இவனெல்லாம் பொம்மைக் காரைக்கூடப் பிரித்திருக்க மாட்டான் என்றேன். கம்பி ஒட்டுகிற வெளிச்சம் நின்றது. இவன் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தவனை உதைக்க வேண்டும் என்றேன்.

முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஏணியில் விறுவிறுவென்று ஏறி வந்தார் வெல்டர். "யாருய்யா மடையன்? மேடும் பள்ளமுமா இருக்கிற தகரத்துல ஸ்க்ரூவை மேட்டுலதான் போடணும். பள்ளத்துல போட்டா, தண்ணி ஓடுறதே அங்கதானே? பள்ளத்துல போட்டவன்தான் மடையன்."

"அதனால நீங்களே எல்லாத்தையும் பிடுங்கி மேட்டுல போட்டுட்டீங்க" என்றார் அத்தான், கீழேயிருந்து, தன்மையாக.

வெல்டர் அப்படியே கூரையில் உட்கார்ந்துவிட்டார். பள்ளத்தில் போடச் சொன்னது தலைவராம். பெரிய மனிதர், வெயிலில் நின்று கையைக் காட்டிக் காட்டிச் சொல்கிறார், நாலு பேர் முன்னால் எப்படித் தப்பு என்பது? அதனால் வேலை நாளில் தனியாக வந்து, அக்காவிடம் சாவி வாங்கி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டு திருத்தினாராம். ஏணி கத்தியதால் அக்கா கடையிலேயே எண்ணெய் வாங்கி விட்டாராம். பழைய ஓட்டைகளைப் பேஸ்ட் வைத்து அடைத்தாராம்.

"ஆனா பேஸ்ட்டைச் சுரண்டினது நான் இல்லீங்க. அவன்தான் அயோக்கியன். அவனைப் பிடிங்க. என் பேரை மட்டும் வெளிய விட்டுடாதீங்க. தலைவர் மனசு கஷ்டப்படும்."

அத்தான், விடமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தார்.

அடுத்தது டிராயிங் டீச்சர். சுவர் ஓரமாக அளவெடுத்த மாதிரி கோடு இழுத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, பேஸ்ட்டைச் சுரண்டினது மனிதனா பெருச்சாளியா என்று சந்தேகமாக இருக்கிறது என்றேன். பிரஷ் நின்றது. கண் தெரியாதவன் கூட இதைவிட நன்றாகச் சுரண்டுவான் என்றேன்.

"பேஸ்ட்டா அது?" என்று திரும்பினார். "பல் தேச்சுத் துப்பின மாதிரி இருந்துச்சு. அதைச் சுத்தமா வழிச்சு எடுத்துட்டு, மேல டேப் ஒட்டினாத்தானே பார்வையா இருக்கும்?" சொல்லி முடித்ததும் கையிலிருந்த பிரஷ்ஷாலேயே வாயைப் பொத்தப் போனார். நான்தான் தடுத்தேன்.

இவரும் அப்படியே. பேஸ்ட் வெல்டர் வைத்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். கடையைச் சாத்திவிட்டு வந்து உழைக்கிற மனிதரிடம் அசிங்கமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அக்காவிடம் சாவி வாங்கினார். துணி வாங்கினார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கினார். டேப் மழைக்கு உரிந்துகொண்டு போய்விட்டது. ஆனால் தகரத்தை நெளித்தது தான் இல்லை என்றும், அந்தப் படுபாவி யாரென்று கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்றும் சொன்னார். அவருடைய பேரையும் சொல்லமாட்டேன் என்று அத்தான் வாக்குக் கொடுத்தார்.

எனக்குத் தலை சுற்றியது. ஆளுக்கொரு வாக்காக அள்ளி விடுகிறாரே, சாயங்காலம் கூட்டத்தில் எதைச் சொல்லி அந்தம்மாவைக் காப்பாற்றுவார்? கேட்டதற்கு, நெளிசல் இன்னும் பாக்கி இருக்கிறதே என்றார்.

தலைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்ன, முடிந்ததா என்று கேட்டார். அத்தான் ரொம்பச் சலிப்பாக முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்துவிட்டது, ஒரே ஒரு மடையனைத் தவிர என்றார்.

"கூரைமேல கல்லைத் தூக்கி வெச்சிருக்கான் சார் ஒருத்தன். கருங்கல். அதான் தகரம் நெளிஞ்சு, சரியா ஓட்டை இருக்கிற இடத்துல தண்ணி தேங்குது. அடிப்படை அறிவு வேணாமா?"

"கல்லா?" தலைவர் டம்ளரை டொக்கென்று வைத்தார். "மணல் மூட்டைதான் வெச்சேன். கல் வெச்சா தகரம் நெளியும்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும். ஆனால் எதிரே கடையில் அந்தம்மா தலை நிமிராமல் காலர் வைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

தலைவருக்கு மற்ற யார் வேலைமேலும் நம்பிக்கை இல்லையாம். அதை வாய்விட்டுச் சொன்னால் நாளைக்கு யார் வேலைக்கு வருவார்கள்? அதனால் தார்ப்பாயைக் கொண்டுவந்து கூரைமேல் விரித்து, மணல் மூட்டையைப் பாரம் வைத்து, ஞாயிற்றுக்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவிடுவாராம். பாய் பாதிக் கூரைக்குத்தான் எட்டியதாம். ஏணியை நனையாமல் மேல் கொக்கியில் மாட்டினதும் அவர்தான். சாவி? அக்காவிடம் வாங்கினார். வாக்கு? அதையும்தான் வாங்கினார்.

"நீங்களே கூட்டத்துல சொல்லிடுங்க சார்" என்றார் அத்தான்.

"சொல்றேன், சொல்றேன். முதல்ல ஸ்க்ரூவைப் பிடுங்கினவன், பேஸ்ட்டைச் சுரண்டினவன், அந்த ரெண்டு பேரைப் பிடிங்க. நான் தலைவர். என் பேர் அடிபட்டா குழுவே கலைஞ்சிடும்."

அதற்கும் அத்தான் சரி என்றார். மூன்றாவது வாக்கு. மூன்று தடவையும் என்னைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

சாயங்காலம் ஹால் வராந்தாவில் கூட்டம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் துரு தேய்த்து வைத்திருந்த சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். டெய்லர் அக்கா கடைசியில் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் தூணோரம் நின்றார். சாவி கையில் இருந்தது. வளையத்தை விரலில் இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் நுனி வெளுத்திருந்தது.

தலைவர் எழுந்தார். ஆதாரம் முழுதாகக் கிடைக்கவில்லை என்றார். அக்காவின் உழைப்பை யாரும் மறக்கவில்லை என்றார். பிரமாதமான உழைப்பு என்றார். ஆனாலும் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது, சாவி அவர் கையில் இருந்தபோது அன்னியன் உள்ளே வந்திருக்கிறான், ஆகவே சாவியை வாங்கிக்கொண்டு அவரைக் குழுவிலிருந்து விடுவிப்பதே எல்லோருக்கும் நல்லது என்றார். சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்று சொல்லி, முதல் கையைத் தானே தூக்கினார்.

நான் வெல்டரைப் பார்த்தேன். அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே தூக்கினார். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். அத்தான் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். அத்தான்தான் வாக்குக் கொடுத்தார், நான் யாருக்கும் எந்த எழவு வாக்கும் கொடுக்கவில்லை என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்க்ரூவை இடம் மாற்றியது இவர். சுரண்டியது இவர். மூட்டை வைத்தது இவர். ஒருத்தர் வேலையை ஒருத்தர் முகத்துக்கு நேரே குறை சொல்ல வாய் வராமல், திருட்டுத்தனமாகத் திருத்தித் திருத்தியே கூரையைக் குட்டிச்சுவராக்கினது இந்த மூணு பேரும்தான். அன்னியன் எவனும் வரவில்லை. என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அத்தான் என்னைத் தடுக்கவே இல்லை. வாக்குக் கொடுக்கும்போதெல்லாம் என்னை ஏன் பக்கத்திலேயே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. என் வாய் நிற்காது என்பது அவருக்குத் தெரியாதா?

தூக்கின கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தலைவர் வெல்டரைப் பார்த்தார், வெல்டர் டீச்சரைப் பார்த்தார். மூன்று பேருக்கும் அப்போதுதான் மற்ற இரண்டு பேர் யாரென்று தெரிந்தது.

அத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. சாவியை வாங்கினது நீங்க. அப்புறம் எப்படி இவங்களைச் சந்தேகப்பட்டீங்க?"

டீச்சர்தான் சொன்னார். "எனக்குக் கேட்டதும் கொடுத்தாங்களே. அதான். இதே மாதிரி வேற யார் வந்து கேட்டாலும் கொடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

வெல்டர் தலையை ஆட்டினார். தானும் அப்படித்தான் நினைத்தேன் என்றார். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தங்களுக்குச் செய்த உபகாரத்தையே சாட்சியாக வைத்து அந்தம்மாவுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள், மூன்று பேரும், தனித்தனியாக.

டீச்சர் எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்தார். "இவ்வளவு பேச்சு கேட்டீங்களே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார் டெய்லர் அக்கா. குரலில் கோபம் இல்லை. "கடைக்கு வர்றவங்க துணியைத் திருப்பிக் கேட்டப்பவும், நாளைக்குச் சொல்லிடுவாங்கன்னு இருந்தேன். இங்க வந்து நிக்கிறப்பகூட நினைச்சேன். நீங்க கையைத் தூக்குற வரைக்கும் நினைச்சேன்."

டீச்சரின் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மேஜையருகே வந்தார். விரலிலிருந்து வளையத்தைக் கழற்றிச் சாவியை வைத்தார். காலையில் ஒருவர் தன் அப்பாவுக்குக் கட்டில் கேட்டு வருவார், மெத்தை காய்ந்ததாகப் பார்த்துக் கொடுங்கள் என்று தலைவரிடம் சொன்னார். தலைவர், அம்மா, அந்தச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் செய்தது தப்பு என்று எழுந்து நின்று கும்பிட்டார். வெல்டர் குறுக்கே வந்து நின்றார்.

அக்கா இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். தன் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

அவர் பேரில் இருந்த பழி போய்விட்டது. அத்தானுடைய கணக்கில் கேஸ் முடிந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை பேர் இருந்த அந்த வராந்தாவில், மேஜைமேல் கிடந்த சாவியை எடுக்க ஒரு கைகூட நீளவில்லை.